ஆமென் வாசிக்கும் முன்

1

கொச்சியை வெளிநாடு என்று எழுதினால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். "ரயில்ல ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா வந்துரும், இதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்கான்?" என்று என் தங்கை புருஷன் செல்வின் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்பான். துபாய்க்குப் போனவன் சென்ட் பாட்டிலோடு வருகிறான், நான் நேந்திரங்காய் வறுவலோடு வருகிறேன். அவனைப் பொறுத்தவரை வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கரண்ட் பில்லில் இருந்து பிள்ளையின் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை வரை எல்லாமே வாசிக்கத் தெரியாத எழுத்தில் வருகிற ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்து பாருங்கள். அதற்கப்புறம் சிரியுங்கள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று ஒயர் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு சுள்ளிக்கல்லில், மாடிப் போர்ஷன். மனைவி ஜெயசெல்வி நர்ஸ். ஒரே மகள் பெனிட்டா, பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், மலையாள சபைக்காரர்களின் கோயிலில் எங்களுக்கென்று ஒரு தமிழ் ஆராதனை நடக்கும். அதற்கு நான்தான் செயலாளர், கீபோர்டு வாசிப்பதும் நான்தான். ஆள் குறைவான இடத்தில் பதவிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ஞாயிற்றாழ்ச்ச நான் நிக்கல."

"எங்கட்டி நிக்கல?"

"திடப்படுத்தலுக்கு. பேராயர் கேக்கும்போ எல்லாரும் விசுவாசிக்கிறேன்னு பறயணும்ல. எனக்கு அது உறப்பா தெரியல. தெரியாம சொன்னா நுண இல்லே?"

நுண என்றால் மலையாளத்தில் பொய். பொய் என்கிற தமிழ் வார்த்தைகூட அவள் வாயில் சட்டென்று வராது. எனக்கு வந்த கோபத்தில் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். "முதல்ல தமிழ்ல பேசு" என்று கத்தினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

2

எங்கள் சபைப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறோம். அப்போது பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்த பிறகு அந்த வாக்கைத் தன் வாயாலேயே சபை நடுவில் சொல்லி, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பதுதான் திடப்படுத்தல். அன்றைக்குத்தான் முதன்முதலாக நற்கருணை, அப்பமும் திராட்சரசமும். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு நிற்பார்கள். ஊரில் இது பாதிக் கல்யாணம் மாதிரி. பெனிட்டாவுக்கும் சேலை எடுத்தாயிற்று, ஜாக்கெட் தைத்தாயிற்று, ஊரில் இருந்து தங்கையும் செல்வினும் டிக்கெட் போட்டாயிற்று.

அதோடு போனால் பரவாயில்லை. எங்கள் தமிழ் ஆராதனையே ஒற்றைக் காலில் நிற்கிற சமாசாரம். கோயில் கமிட்டிச் செயலாளர் குரியன் சார் என்னை எங்கே பார்த்தாலும் அன்பாகத் தோளில் கைபோட்டு ஒரே கேள்வியைக் கேட்பார். "சாரே, நிங்ஙள்ட பிள்ளேர்க்கு மலயாளம் நல்லோணம் அறியாமல்லோ. ராவிலெ நம்மள்ட கூடெ வந்தூடே?" பிள்ளைகளுக்கு மலையாளம்தான் நன்றாகத் தெரியுமே, காலையில் எங்களோடு வந்துவிடக் கூடாதா என்று அர்த்தம். அவர் கெட்டவர் அல்ல. எங்கள் நேரத்தைத் தங்கள் வாலிபர் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு தமிழில் திடப்படுத்தல் நடக்கிறது, பேராயரே வருகிறார் என்று நான் அவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நிற்கப் போவது மொத்தம் மூன்று பேர். பள்ளுருத்தியில் இருந்து வரும் அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் செயலாளர் மகள். அந்தச் செயலாளர் மகள்தான் நிற்க மாட்டேன் என்கிறாள்.

ஜெயசெல்வி டூட்டி முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"நான் நின்னப்ப எனக்கு வெள்ளைச் சேலையும் மத்தியானத்து நெய்ச்சோறும்தான் ஞாபகம். பக்கத்துல நின்னவ சொன்னா, நானும் சொன்னேன். நீங்க என்னத்த நினைச்சுட்டு நின்னீங்க?"

எனக்கு மாமா கட்டிவிட்ட கைக்கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடாமல் அதில் முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று எழுந்துவிட்டேன்.

3

பெனிட்டா எதையும் அலட்சியமாகச் செய்கிற பிள்ளையாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தது நான். எங்கள் ஊர்க் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. மிதிக்கிற சத்தம் பாட்டை விடப் பெரிதாகக் கேட்கும். அதில் பழகியவன் நான். இங்கே இருப்பது பட்டனைத் தட்டினால் தபேலா, கிடார், வயலின் எல்லாம் தானே வாசிக்கிற கீபோர்டு. அந்தத் தாளப் பட்டனை ஆராதனையில் தொடக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். மிஷின் தாளம் யாருக்காகவும் நிற்காது, சபை அதன் பின்னால் மூச்சிரைக்க ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. எதையெல்லாம் நம்புகிறோம் என்று வரிசையாகச் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்ததும் ஆமெனை மட்டும் ராகமாகப் பாடுவது எங்கள் வழக்கம். கீபோர்டில் சுருதி கொடுத்தால்தான் சபை எடுக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருளப்பன் அண்ணாச்சி, ஒவ்வொரு வார்த்தையையும் மென்று விழுங்கித்தான் சொல்வார். ஊரே முடித்த பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக வந்துகொண்டிருக்கும். முதல் தடவை வாசித்த அன்றைக்குப் பெனிட்டா அவருக்கு முன்னாலேயே ஆமெனை அடித்துவிட்டாள். அவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"கடைசி ஆள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கை கீபோர்டுல படக் கூடாது. ஒருத்தர் பாக்கி இருந்தாலும் அது ஆமென் இல்ல, கேட்டியா?"

"கேட்டேன் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. அண்ணாச்சியின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

4

வெள்ளிக்கிழமை நான் வைஃபையை நிறுத்தினேன். வேலை முடிந்து பஸ் ஏறும்போதே அந்த யோசனை வந்துவிட்டது. அவள் நாலு பேர் கூட்டாக விளையாடுகிற சுடும் விளையாட்டு ஒன்று விளையாடுவாள். ஒருவர் எறணாகுளம், ஒருவர் கோழிக்கோடு, இன்னொருவர் எந்த ஊரென்று அவளுக்கே தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு இவள்தான் தலைவி. படிப்பில் பிரச்சினை இல்லாததால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் ரவுட்டரை அணைத்தேன். அவள் உடனே போன் இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. போய்க் காதில் இருந்த ஹெட்போனைப் பிடுங்கினேன்.

உள்ளே இருந்து ஒரு குரல் பதறியது. "சேச்சீ, எவிடெயா? சேச்சீ!"

"சேச்சி இல்ல!" என்று அந்த மைக்கில் கத்தினேன். யாரோ ஒரு பெண்பிள்ளை "சோரி அங்கிள்" என்றது. அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளையின் மரியாதை எனக்கு உறைத்தது.

பெனிட்டா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை நின்னுட்டு வா. அப்புறம் உன் இஷ்டம். சொல்றதுக்கு ஒரு வார்த்தைதான?" என்றேன்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்போ நம்ம ரெண்டு பேரும் கார் ரேஸ் விளையாடுவோம், ஓர்மயுண்டா அப்பா?"

இல்லாமல் என்ன. கம்பெனியில் கழித்துக்கட்டிய பாகங்களை வைத்து நானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. அவள் என் மடியில், கீபோர்டு அவள் மடியில்.

"ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒரு குட்டி எனக்குச் சீட் கோட் சொல்லித் தந்தது. அத அடிச்சா கார் இடிக்காது. நான் அப்படி ஜெயிச்சப்ப நீங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணீங்க. ஜெயிக்காம ஜெயிச்சேன்னு சொல்றதுக்கு விளையாடாமலே இருக்கலாம்னீங்க. இப்போ இதுக்கு மாத்திரம் சீட் கோட் அடிக்கச் சொல்றீங்க."

"இதும் விளையாட்டும் ஒண்ணாட்டி?"

"ஒண்ணு இல்ல. இது பெருசு. அதனாலதான். நான் சர்ச்சுக்கு வர மாட்டேன்னு பறயலயே. ஜெபிக்க மாட்டேன்னு பறயலயே. போன்ல மலையாளத்துல வேதம் வாசிக்கத்தான செய்யறேன். இந்த நாட்டுல பாதி சர்ச்சுக்குத் தோமாஸ்லீஹா பேருதான. இயேசு உயிர்த்தெழுந்தார்னு தொட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்ன சீஷன். அவருக்குக் கொஞ்சம் டைம் கிடைச்சதுல்ல?"

நான் திடப்படுத்தல் எடுத்த அன்றைக்கு வெகுமதியாகக் கிடைத்த வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் அலமாரியில் தமிழ் நாவல்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவளுக்காகத்தான் வைத்திருந்தேன். அந்த எழுத்தை அவள் தடவித் தடவித்தான் வாசிப்பாள். அவள் கையில் இருக்கிற வேதமோ எனக்கு ஒரு எழுத்துகூட விளங்காது. ஹெட்போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

5

சனிக்கிழமை காலையில் பேப்பர் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ராமநாதன், பாலக்காட்டு ஐயர். இந்தத் தெருவில் நான் தமிழில் வம்பளக்க முடிகிற ஒரே ஆள். எங்கள் பழக்கமே ஒரு கூத்தில்தான் ஆரம்பித்தது. நம் ஊரில் போதகரை ஐயர் என்றுதானே சொல்வோம். வந்த புதிதில் அவர் கடையில் நின்றுகொண்டு, "ஐயர் சாப்பிட வாறார், நல்ல ஆட்டுக்கறியா எடுத்து வை" என்று ஜெயசெல்வியிடம் போனில் சொன்னேன். ராமநாதன் கையில் இருந்த பேனாக்களைக் கீழே போட்டுவிட்டார். "ஓய், எந்த ஊர் ஐயர் ஓய் அவர்?" என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் சிரித்தார்.

அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வந்த ஒரு பிள்ளைக்கு சார்ட் பேப்பர் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்காத்துப் பையன் பெங்களூர்லேர்ந்து லீவுக்கு வந்தான். குளிக்கப் போனவன் பூணலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்துட்டான். அர்த்தம் தெரியாம போட்டுண்டிருக்கேன்பா, வேண்டாம்னு தோணறதுன்னான். நான் கத்தின கத்தல்ல தெருவே எட்டிப் பாத்தது, கேட்டேளா? மறுநாள் கார்த்தால போட்டுண்டு வந்து நின்னான். 'அப்பாவுக்காக'ன்னான்."

"நல்லதாப் போச்சே."

"என்ன நல்லது? அதைப் பாக்கறச்சே எனக்குச் சந்தோஷமே வரலை ஓய். அவன் தோள்ல கெடக்கறது என்னோட பூணலாக்கும்."

பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் கதை அவரோடு, எனக்கு நாளைக்குப் பேராயர் வருகிறார் என்று எரிச்சலாக நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மதியம் தங்கையும் செல்வினும் வந்து இறங்கினார்கள். செல்வின் வாசலிலேயே "எங்கல மணப்பொண்ணு?" என்று சத்தம் போட்டான். பெனிட்டா வந்து சிரித்தாள். அவர்களிடம் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கீபோர்டு வாசிப்பதாக இருந்த மலையாளக் குழுப் பையன் காய்ச்சல் என்று போன் செய்தான். செயலாளர் என்கிற முறையில் நான் பேராயர் முன்னால் நின்று பெயர்களை வாசிக்க வேண்டும். அதனால்தான் அவனைக் கேட்டிருந்தேன்.

"நான் வாசிக்கட்டே?" என்றாள் பெனிட்டா. "நீங்க பேரு வாசிங்க."

"பாப்போம்" என்றேன். அந்த வார்த்தையை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. என் மனதில் ஓடியது இதுதான். போதகரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சடித்த தாளில் மூன்று பெயர்களும் அப்படியே இருக்கின்றன. சபை நடுவில், பேராயர் முன்னால், அத்தை மாமா பார்த்துக்கொண்டிருக்க, நான் 'பெனிட்டா' என்று வாசித்துவிட்டால் அவள் எழுந்து வந்துவிடுவாள். என்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய விடமாட்டாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

6

ஞாயிற்றுக்கிழமை அவள் வெள்ளைச் சேலைதான் கட்டினாள். "சேலை ஒரு பாவமும் பண்ணல, கட்டிக்க" என்று ஜெயசெல்வி சொன்னாளாம். முக்காடு மட்டும் போடவில்லை. நேராகப் போய்க் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பேராயரும் போதகரும் வேறொரு ஆராதனையை முடித்துவிட்டு அவசரமாக வந்தார்கள். போதகர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பெயர் வாசித்ததும் வருவாள் என்று நினைத்திருப்பார். கடைசி வரிசையில் குரியன் சார் தன் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் கீர்த்தனையை அவள் அருளப்பன் அண்ணாச்சிக்கு எட்டுகிற சுருதியில் எடுத்தாள். சபை சிரமமில்லாமல் பாடியது. எனக்குப் பாட்டில் புத்தி போகவில்லை. கையில் தாள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"செயலாளர் பெயர்களை வாசிக்கலாம்" என்றார் போதகர்.

முன்னால் போய் நின்றேன். பள்ளுருத்திப் பெண்கள் இருவர் பெயரையும் வாசித்தேன். அவர்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து மண்டியிட்டார்கள். மூன்றாவது பெயர் தாளில் எனக்கு நேராக இருந்தது. நான் கொட்டை எழுத்தில் அடித்திருந்தேன், பெற்ற பெருமை. போதகர் என்னைப் பார்த்தார். செல்வின் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக இருந்தான். ஜெயசெல்வி குனிந்துகொண்டாள்.

நான் கீபோர்டு பக்கம் பார்த்தேன். பெனிட்டா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. அவள் கால் ஏற்கெனவே பெஞ்சுக்கு வெளியே வந்திருந்தது. நான் கூப்பிட்டால் எழுந்து வருவதற்குத் தயாராக இருந்தாள். எனக்காக வருவதற்கு. ராமநாதன் கடையில் கேட்டது அப்போதுதான் எனக்கு ஏறியது.

"ரெண்டு பேர்தான் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். போதகர் புருவத்தைத் தூக்கினார். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். பேராயர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அங்கே மண்டியிட்டிருந்த இரண்டு பேர்தான் தெரியும்.

இடத்துக்குத் திரும்பி நின்றேன். பேராயர் அந்தப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டார், அவர்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். பிறகு சபை முழுவதும் எழுந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல ஆரம்பித்தது. பல் தேய்ப்பது மாதிரி எத்தனையோ ஞாயிறுகள் நான் சொன்ன வார்த்தைகள்தான். அன்றைக்கு முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். இதை நான் நம்புகிறேனா? இதை? சரி, இதற்கு அடுத்ததை? ஒவ்வொன்றையும் ஆம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தது. சிலவற்றுக்கு நேரம் பிடித்தது. சபை எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அருளப்பன் அண்ணாச்சிகூட முடித்துவிட்டார். கோயிலில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. செல்வின் திரும்பிப் பார்த்தான். பேராயரும் பார்த்தார். வெட்கமாக இருந்தது, ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

பெனிட்டாவின் கைகள் மடியிலேயே இருந்தன. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வார்த்தையைச் சொல்லி வாயை மூடினேன். அவள் கையைத் தூக்கி ஆமெனுக்குச் சுருதி கொடுத்தாள்.